இலங்கையில் தனியார் வங்கி நோட்டுகள்

இலங்கையில் 1840-களிலிருந்து 1884 வரை வணிக வங்கிகள் தம் பெயரிலேயே நோட்டு அச்சிட்டுப் புழக்கத்தில் விட்டன. இதில் தமிழகக் கரைக்கும் பங்குண்டு. இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் அம்மாபட்டினத்திலும் தெற்கே தொண்டியிலும் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, மலைநாட்டுக்கு நடந்த தமிழர்களின் உழைப்பில்தான் காப்பித் தோட்டங்கள் வளர்ந்தன. அந்தக் காப்பியை நம்பியே வங்கிகள் கடன் கொடுத்தன.

1841-ல் தொடங்கிய பேங்க் ஆஃப் சிலோன் முன்னோடி (1939-ல் தொடங்கிய இன்றைய இலங்கை வங்கி வேறு). அதைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட ஓரியண்டல் வங்கி 1851-ல் அரச சாசனம் பெற்று, தீவின் பெரிய வங்கியானது. அதன் நோட்டு ஒரு கடன் பத்திரம்தான். கொண்டுவந்து கொடுப்பவருக்கு, கேட்டவுடன், அதில் எழுதிய தொகையை நாணயமாகத் தருவதாக வங்கி கையெழுத்திட்டிருக்கும். யாரும் மாற்ற வராதவரை அது வங்கிக்கு வட்டியில்லாக் கடன்.

1869-ல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்கள் நொடித்தன, கடன்கள் திரும்பவில்லை. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. மக்கள் கையிலிருந்த நோட்டு வெற்றுத்தாளாகும் நிலை. ஆளுநர் ஆர்தர் கோர்டன், லண்டனின் அனுமதிக்குக் காத்திராமல், அந்த நோட்டுகளுக்கு அரசு பொறுப்பேற்கும் என்று அறிவித்தார். துணிச்சலான, சரியான முடிவு. ஆனால் அந்த உறுதி நோட்டு வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே. வங்கியில் பணம் போட்டவர்களுக்கும், தோட்டத்தில் மாதக்கணக்கில் கூலி பாக்கி நின்ற தொழிலாளருக்கும் அது உதவவில்லை.

அதே ஆண்டின் 32-ஆம் இலக்கச் சட்டம் நோட்டு வெளியிடும் உரிமையை அரசின் நாணய ஆணையர்களிடம் கொடுத்தது. இந்தியாவில் 1861-ஆம் ஆண்டுச் சட்டமே மதராஸ் வங்கி உள்ளிட்ட மூன்று மாகாண வங்கிகளிடமிருந்து அந்த உரிமையை எடுத்துவிட்டது. ஜெர்மனி மெதுவாகவே நகர்ந்தது: 1875-ஆம் ஆண்டு வங்கிச் சட்டம் தனியார் நோட்டு வங்கிகளை நெருக்கினாலும் பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க், பாடன் வங்கிகள் 1935 வரை நோட்டு வெளியிட்டன. இலங்கையில் நாணய ஆணையர்களின் பொறுப்பு 1950-ல் மத்திய வங்கிக்குப் போனது.