விழுப்புரத்தைத் தென்னார்க்காட்டில் தேடுங்க!

எங்க ஊர் திண்டிவனம். திந்திரிணின்னா வடமொழியில புளி. புளியங்காடுதான் பேர் மருவி திண்டிவனம் ஆச்சுன்னு சொல்வாங்க. அதுக்கு மேல ஊர் வரலாறு கேட்டா எனக்கும் தெரியாது.

போன மாசம் விழுப்புரத்துலேர்ந்து சித்தப்பா பொண்ணு போன் பண்ணினா. கல்லூரியில உள்ளூர் வரலாறு பத்திக் கட்டுரை எழுதணுமாம். "அண்ணா, விழுப்புரம் மாவட்டம்னு போட்டுத் தேடினேன். பழசு ஒண்ணுமே வரலை. வேற ஊர் எடுத்துக்கவா?"ன்னா. சுருக்குன்னு இருந்துச்சு. நம்ம ஊருக்கு வரலாறே இல்லைன்னு முடிவு கட்டிட்டாளே!

அவ மேல தப்பில்லை. விழுப்புரம் மாவட்டம் பிறந்ததே 1993 செப்டம்பர் 30ல்தான். அதுக்கு முன்னாடி எல்லாம் தென்னார்க்காடு. கார்ஸ்டின் 1878ல் எழுதின மாவட்டக் கையேடும் சரி, பிரான்சிஸ் 1906ல் எழுதின கெசட்டியரும் சரி, அந்தப் பேர்லதான் இருக்கு. 26 தொகுதி இம்பீரியல் கெசட்டியரை சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்நூலகத்துல இலவசமாவே படிக்கலாம். அதுல செஞ்சிக்கோட்டை எங்க இருக்கு தெரியுமா? திண்டிவனம் தாலுகாவுல!

தமிழ்ல தேடினா இன்னொரு கூத்து. தென்னார்க்காடு, தென்னாற்காடு, தென் ஆற்காடு... மூணையும் போட்டுப் பாக்கணும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகத்துல தேடுறப்போ இதை ஞாபகம் வச்சுக்குங்க.

எல்லாப் புத்தகமும் திரையில வந்துடாது. ஆனா எங்க இருக்குன்னு பட்டியல் காட்டிக் குடுக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை, 1992ல் அவர் காலமானப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே வச்சுது. 1994லேர்ந்து அது ஆராய்ச்சி நூலகம். அது மட்டும் சிதறிப் போயிருந்தா, எந்தப் பட்டியலைத் தேடி என்ன பிரயோஜனம்?

இன்னொண்ணு. 1948ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி வீட்டு வரியோட நூலக வரியும் சேர்த்துத்தான் நாம கட்டுறோம். அதனால, நூலகத்துக்குள்ள தயங்கித் தயங்கி நுழைய வேண்டியதில்லை. தேடித் தரச் சொல்லிக் கேளுங்க, உரிமையா.

தங்கச்சி ஊரை மாத்தலை. திண்டிவனம் தாலுகா பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கா. உங்க ஊருக்கு 1993க்கு முன்னாடி, 1947க்கு முன்னாடி என்ன முகவரின்னு முதல்ல பாருங்க. அப்புறம் தேடுங்க. நிச்சயம் கிடைக்கும்.