கை, கொடி, பீப்பாய்: ஒரு மதுவின் உழைப்பு வரலாறு



நினைவுப் பேருரை ஒன்றில் பீரைப் பற்றிப் பேசுவது சிலருக்கு உறுத்தலாக இருக்கலாம். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. பஞ்சசீலத்தின் ஐந்தாவது நெறியும் அதுவே. குடி நம் சேரிகளில் என்ன செய்திருக்கிறது என்பதை நம் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆகவே இந்த உரை மதுவைப் போற்ற வரவில்லை. ஒரு பண்டத்தின் பெருமையை வரலாறு யார் பெயரில் எழுதுகிறது, அதை உண்டாக்கிய கைகளை எந்த இடத்தில் அழிக்கிறது என்று கேட்க வந்திருக்கிறது. உழைப்பின் பெருமை எப்போதும் மேல்நோக்கியே போவதையும் இழிவு எப்போதும் கீழ்நோக்கியே வருவதையும் அறிந்த சமூகம் நாம். அது வேறொரு நாட்டில் எப்படி நடந்தது என்று பார்ப்பது நம்மைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

எடுத்துக்கொள்ளும் பண்டம், அமெரிக்காவில் இன்று பெரிதும் மதிக்கப்படும் ஒருவகை ‘கிராஃப்ட் பீர்’. கடுமையானது, ஹாப்ஸ் மிகுதியாகச் சேர்த்தது, விஸ்கி இருந்த மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறியது. செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்புச் சாறு கிடைக்கும். அந்தச் சாற்றை ஒரு மணி நேரமோ அதற்குச் சற்று மேலாகவோ கொதிக்கவைத்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் பெண்பூங்கொத்துகளைச் சேர்ப்பார்கள். பூவிதழ்களின் அடியில் உள்ள மஞ்சள் பொடியில் இருக்கும் அமிலங்கள் கொதிநிலையில் உருமாறிக் கசப்பைத் தருகின்றன. பீரைப் புளிக்கச்செய்யும் நுண்ணுயிர்களையும் அவை தடுக்கின்றன. ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரை சாராயமாகும். சாதாரண பீரில் சுமார் 5 சதவீதம் என்றால் இதில் 8 முதல் 11 சதவீதம்வரை போகும். பிறகு பீப்பாய்.

இங்கே ஒரு முரண் உண்டு. ஹாப்ஸின் மணம் நாள்பட நாள்பட மங்கும். பீப்பாயோ பொறுமையைக் கேட்கும். அதனால் ஊறல் முடிந்தபின் கொதிக்கவைக்காத ஹாப்ஸை மறுபடியும் சேர்த்து மணத்தை மீட்பார்கள். குடிப்பவர் முதலில் மோந்து பார்ப்பார். பம்ப்ளிமாஸ் தோல், பைன் பிசின், அதன் பின்னால் வெனிலாவும் தேங்காயும். நாவில் இனிப்பு, பிறகு நீண்ட கசப்பு, தொண்டையில் சூடு. இவற்றை விவரிக்கத் தனிச் சொற்களஞ்சியமும் மதிப்பெண் முறையும் பயிற்சி பெற்ற சுவைஞர்களும் இருக்கிறார்கள். கூலிவேலை முடிந்து குடிப்பவரின் மதுவை உலகம் போதை என்கிறது; இதை ரசனை என்கிறது. ரசனை என்பது பொருளை வகைப்படுத்தும்போதே மனிதரையும் வகைப்படுத்திவிடுகிறது என்று பிரெஞ்சு சமூகவியலாளர் பூர்தியூ 1979இல் விளக்கினார். சாதிச் சமூகத்தில் பிறந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய விளக்கம் வேண்டியதில்லை.

‘கிராஃப்ட்’ என்றால் கைத்திறன். அப்படியென்றால் அது யாருடைய கை?

கை

அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் பீர் காய்ச்சியவர் என்று பெருமையாகச் சொல்வார்கள். 1815இல் எழுதிய கடிதம் ஒன்றில் அவரே அப்படிச் சொல்லிக்கொள்கிறார். தாம் அண்மையில் வீட்டுத் தேவைக்குப் பீர் காய்ச்சுபவராகிவிட்டதாகவும், தம் ‘ஆட்களில்’ ஒருவருக்கு ஆங்கிலேய நிபுணர் ஒருவர் கற்றுத்தந்ததாகவும் ஒரே மூச்சில் எழுதுகிறார். கற்றவர் ஒருவர், ஆனவர் இன்னொருவர். ஒரே வாக்கியத்தில் நடந்த இந்தக் கைமாற்றத்தை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

அந்த ‘ஆள்’ பீட்டர் ஹெமிங்ஸ். 1770இல் அடிமையாகப் பிறந்தவர். சகோதரர் ஜேம்ஸ் ஹெமிங்ஸிடம் பிரெஞ்சுச் சமையல் கற்று, வர்ஜீனியாவில் ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ தோட்டத்தில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். 1812இல் தொடங்கிய போரின்போது ஜோசப் மில்லர் என்ற ஆங்கிலேயர் அப்பகுதியில் தங்கவேண்டிவந்தது. 1813இல் அவரிடம் பீட்டர் ஹெமிங்ஸ் தானியத்தை முளைகட்டுவதிலிருந்து பீர் காய்ச்சுவதுவரை கற்றார். பின்னர் ஆண்டுதோறும் காய்ச்சியவர் அவரே. இவ்வேலைக்கு வேண்டிய அறிவுக்கூர்மையும் கவனமும் பீட்டரிடம் இருந்ததாக 1821இல் ஜெஃபர்சனே எழுதினார். பாராட்டினார், விடுதலை தரவில்லை. ஜெஃபர்சன் இறந்தபின் 1827இல் அவருடைய உடைமைகளோடு மனிதர்களும் ஏலம் விடப்பட்டார்கள். 57 வயது பீட்டர் ஹெமிங்ஸை, ஏற்கெனவே விடுதலை பெற்றிருந்த உறவினர் ஒருவர் 1 டாலருக்கு வாங்கினார். அதன்பின் அவர் தையற்காரராக வாழ்ந்தார்.

அதே தோட்டத்தின் கணக்கேட்டில் இன்னொரு பெயரும் இருக்கிறது. பேக்வெல் கிரேஞ்சர் என்ற அடிமைத் தொழிலாளி, தான் விளைவித்த 60 பவுண்டு ஹாப்ஸை 20 டாலருக்கு ஜெஃபர்சனுக்கே விற்றிருக்கிறார். எஜமானனின் நிலத்தில் பகல் முழுக்க உழைத்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில் தனக்கென்று கொடி வளர்த்த மனிதர். சொத்தாகக் கருதப்பட்டவர் சொத்து உண்டாக்கியதைச் சொல்ல அந்த ஒற்றை வரி போதும்.

மூன்றாவது பெயர் ஒரு பெண்ணுடையது: பேட்சி யங். வட கரோலினாவில் அடிமையாக இருந்த அவர் 1808இல் தப்பிச்சென்று சுதந்திரப் பெண்ணாக வாழ்ந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் பிடிபட்டு, 1824இல் மகளோடு மறுபடியும் தப்பினார். அவரைப் பிடித்துத்தரும்படி எஜமானர் நாளிதழில் கொடுத்த விளம்பரம், அவர் தையலிலும் சமையலிலும் நெசவிலும் கைதேர்ந்தவர், கேக்கும் பீரும் நன்றாகச் செய்வார் என்று அடுக்குகிறது. அவரை அடையாளம் கண்டு பிடிப்பதற்காகவே இந்தப் பட்டியல். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பீர் வரலாற்றை ஆய்ந்த தெரெசா மெக்கல்லா இந்த விளம்பரத்தைத் தலைகீழாக வாசித்தார். பிடிப்பதற்காக எழுதிய வரி ஒரு பெண்ணின் தொழில்திறனுக்குச் சான்றாயிற்று.

கொடி

ஹாப்ஸ் அறுவடை மூன்று, நான்கு வாரங்களில் முடியவேண்டியது. இயந்திரம் வருவதற்கு முன் பூக்களைக் கையால்தான் பறிக்கவேண்டும். பறித்ததும் சூளையில் உலர்த்தவேண்டும். ஆகவே சில வாரங்களுக்கு மட்டும் ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன.

1913இல் கலிபோர்னியாவின் வீட்லாந்தில் டர்ஸ்ட் என்பவரின் ஹாப்ஸ் பண்ணை, தேவைக்கு மேல் ஆட்களை வரவழைக்க ஊரெங்கும் விளம்பரம் செய்தது. ஆள் மிகுந்தால் கூலி இறங்கும் என்ற பழைய கணக்கு. குடும்பம் குடும்பமாக ஏறத்தாழ 2,800 பேர் வந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளும் இனங்களும் அங்கே கூடின. இந்தியாவிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் இருந்த கழிப்பறைகள் பத்துக்கும் குறைவு. கிணறுகள் வற்றின. கொளுத்தும் வெயிலில் பூப்பறிக்கும் இடத்துக்குத் தண்ணீர் வண்டி அனுப்ப முதலாளி மறுத்தார். அவருடைய உறவினர் அமிலம் கலந்த எலுமிச்சை நீரைக் கோப்பை 5 சென்ட்டுக்கு விற்றார். கூலியில் ஒரு பகுதி, அறுவடை முடியும்வரை நின்றால்தான் கிடைக்கும் என்று நிறுத்திவைக்கப்பட்டது.

தொழிலாளர்கள் திரண்டு குடிநீரும் கழிப்பறையும் கூலி உயர்வும் கேட்டார்கள். ஆகஸ்ட் 3 அன்று கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது காவல் அதிகாரிகள் நுழைந்தார்கள். ஒரு துப்பாக்கி வெடித்தது. மோதலில் நான்கு பேர் இறந்தார்கள். இருவர் அரசு தரப்பினர், இருவர் தொழிலாளர்கள். சங்கத்தைச் சேர்ந்த ஃபோர்டு, சூர் இருவருக்கும் 1914இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சுட்டவர்கள் அவர்கள் என்பதற்காக அல்ல. கூட்டத்தைத் தூண்டியவர்கள் என்பதற்காக.

அதே 1913 ஜூலையில்தான் இளைஞர் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க நியூயார்க்கில் வந்திறங்கினார். இரண்டு நிகழ்வுகளுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அவர் தண்ணீரை அள்ளிப் பருகியதன் பொருள் அறிந்தவர்கள், வீட்லாந்தின் 5 சென்ட் கோப்பையையும் புரிந்துகொள்வார்கள். மனிதரைப் பணியவைக்க நினைப்பவர்களின் கை முதலில் போவது தண்ணீரின்மேல்தான்.

கொடிக்கு இன்னொரு கதையும் உண்டு. 1885 செப்டம்பரில் வாஷிங்டன் பகுதியின் ஸ்குவாக் பள்ளத்தாக்கில், குறைந்த கூலிக்கு அழைத்துவரப்பட்ட சீனத் தொழிலாளர்களின் கூடாரங்கள்மீது இரவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூவர் இறந்தார்கள். குற்றம்சாட்டப்பட்டவர்களில் வெள்ளையரோடு பூர்வகுடியினர் இருவரும் இருந்தார்கள். நிலம் பறிகொடுத்தவர்கள், தங்களைப் போலவே ஏதுமற்றவர்கள்மேல் துப்பாக்கியைத் திருப்பினார்கள். ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் மிதிக்க ஒருவரைக் கீழே வைப்பதால்தான் படிநிலைச் சமத்துவமின்மை நிலைக்கிறது என்று அம்பேத்கர் காட்டினார். இந்தக் கசப்பை மறைத்துவிட்டு ஒடுக்கப்பட்டோர் ஒற்றுமையைப் பற்றி நாம் பேச முடியாது.

பீப்பாய்

அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியை உள்ளே தீயில் கருக்கிய புதிய ஓக் கலனில்தான் ஊறவைக்கவேண்டும். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் அந்த விஸ்கிக்கு மறுபடி உதவாது. அதனால்தான் பழைய பீப்பாய்கள் பீர் ஆலைகளுக்கு வருகின்றன. ஆக இந்த பீரில் வரும் வெனிலாவும் தேங்காயும் விஸ்கித் தொழிலின் கொடை. அந்தத் தொழிலைக் கட்டியவர்கள் யார்?

டென்னசி விஸ்கி என்றால் உலகம் ஜாக் டேனியல் பெயரைச் சொல்லும். சிறுவன் ஜாக் டேனியலுக்கு விஸ்கி வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நாதன் கிரீன். ‘நியரெஸ்ட்’ என்பது அவருடைய அழைப்புப் பெயர். லிஞ்ச்பர்க் பகுதியில் டான் கால் என்ற போதகரின் பண்ணையில் அடிமையாக வேலைசெய்த திறமைசாலி அவர். அடிமைமுறை ஒழிந்தபின் டேனியலின் வடிசாலைக்கு முதல் தலைமை வடிப்பாளரானார். ஊரிலும் குடும்பத்திலும் இது எப்போதும் தெரிந்த செய்தி. நிறுவனம் தன் 150ஆம் ஆண்டான 2016இல்தான் இதை உரத்துச் சொல்லத் தொடங்கியது. வாய்மொழி மரபில் ஒன்றரை நூற்றாண்டு உயிரோடிருந்த உண்மை, முதலாளியின் விளம்பரத்தில் ஏறியபிறகே வரலாறு என்று ஏற்கப்பட்டது.

ஹாப்ஸ் மிகுந்த பீருக்கு இந்தியாவின் பெயரும் ஒட்டியிருக்கிறது: இந்தியா பேல் ஏல். கிழக்கு லண்டனின் ஹாட்ஜ்சன் ஆலையும், 1820களிலிருந்து பர்ட்டன் நகரின் ஆல்சப், பாஸ் ஆலைகளும் கீழை நாடுகளுக்கு அனுப்பிய பீர் அது. ஹாட்ஜ்சன் கண்டுபிடித்தார் என்று கதை சொல்வார்கள். வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூட்டவேண்டும் என்பது 1760களிலேயே ஆலைக்காரர்கள் அறிந்ததுதான். வெளிர்நிற ஏலை அதிகாரிகளும் வணிகர்களும் குடித்தார்கள். சிப்பாய்களுக்குக் கறுத்த போர்ட்டர். அக்காலத்தில் மதராசுக்குக் கட்டப்பட்ட துறைமுகம் இல்லை. கப்பல் தள்ளி நிற்க, அலைகளைக் கடந்து சரக்கைக் கரைசேர்த்தவர்கள் மசூலாப் படகோட்டிகள். பெயரில் இந்தியா இருக்கிறது. பீப்பாய் சுமந்த இந்தியர் இல்லை.

இன்று அமெரிக்கக் கிராஃப்ட் பீர் ஆலைகளின் உரிமையாளர்களில் கறுப்பினத்தவர் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஒரு காலத்தில் அவர்கள்மேல் சுமத்தப்பட்ட வேலை, பெருமையும் லாபமும் வந்தபிறகு அவர்களுக்கு எட்டாத தொழிலாகிவிட்டது. புரூக்ளின் ஆலையின் கறுப்பினத் தலைமை பீர் நிபுணர் காரெட் ஆலிவர், இத்தொழிலில் பயில விரும்பும் வெள்ளையரல்லாதோருக்கு உதவித்தொகை வழங்க 2020இல் ஓர் அறக்கட்டளை தொடங்கியது இதனால்தான்.

நம்மிடமும் இதே பாதைதான். தோல் பதனிடுவது இழிதொழிலாக இருந்தவரை நமக்கு. ஏற்றுமதித் தொழிலானதும் உரிமம் வேறு கைகளுக்கு. பறை சாவு மேளமாக இருந்தவரை கட்டாயம். கலையாக மேடையேறியதும் பயிற்றுநர்கள் வேறு பலர். ஒரு வேலை இழிவா கலையா என்பதை அந்த வேலை முடிவுசெய்வதில்லை. யார் செய்கிறார், யார் பெயரில் விற்கிறது என்பதே முடிவுசெய்கிறது.

நமக்கு இதிலிருந்து ஒரு வேலை இருக்கிறது. பீட்டர் ஹெமிங்ஸும் பேக்வெல் கிரேஞ்சரும் பேட்சி யங்கும் எஜமானர்களின் கடிதத்திலும் கணக்கேட்டிலும் தேடுதல் விளம்பரத்திலுமிருந்துதான் மீட்கப்பட்டார்கள். நம் முன்னோர்களும் அப்படிப்பட்ட தாள்களில்தான் இருக்கிறார்கள்: பண்ணைக் கணக்குகளில், அடமானப் பத்திரங்களில், தோட்டங்களுக்கு ஆள்சேர்த்த பதிவேடுகளில், காவல்நிலையக் குற்றப் பட்டியல்களில். கடன்பட்டவராகவும் குற்றவாளியாகவும் பதிவான பெயர்களின் பக்கத்தில் அவர்கள் அறிந்த தொழிலும் எழுதப்பட்டிருக்கும். அவர்களை ஒடுக்க எழுதிய அந்த வரிகளை அவர்களுக்கான சான்றாகத் திருப்பி வாசிக்க வேண்டும். கூடவே நம் மூதாட்டிகள் சொல்வதை, ஏதேனும் ஒரு நிறுவனம் வந்து ஒப்புக்கொள்ளும்வரை காத்திராமல், இப்போதே எழுதிவைக்க வேண்டும். நினைவுகூர்தல் என்று நாம் சொல்வது இந்த வேலையைத்தான்.