ஈப்போவில் எழுந்த தீ

மலாயாவின் விடுதலை வரலாறு 1957-ஆம் ஆண்டுக் கொடியேற்றத்தில் தொடங்குவதன்று. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே ஈப்போ நகரில் அதன் பொறி விழுந்துவிட்டது.

1945-இல் ஜப்பானியர் சரணடைந்தபின் 'சுவாரா ராக்யாட்' என்னும் மலாய் ஏடு ஈப்போவில் வெளிவந்தது. அதனைச் சூழ்ந்து திரண்ட இடதுசாரிகள் அக்டோபரில் மலாய் தேசியக் கட்சியைக் கண்டனர். மறு ஆண்டு அதன் இளைஞர் பிரிவாக 'அங்காத்தான் பெமுடா இன்சாப்' தோன்றியது. விழிப்புற்ற இளைஞர் அணி என்பது பொருள். முதலெழுத்துகள் சேர்ந்தால் 'ஆப்பி'. மலாயில் அது தீயைக் குறிக்கும் சொல். பேராக்கில் பிறந்த அகமட் பூஸ்தாமாம் அதன் தலைவர்.

அந்நாளில் அம்னோ, மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்ப்பதிலேயே முனைந்திருந்தது. ஆப்பியினரோ, குருதி சிந்தியேனும் முழு விடுதலை வேண்டும் என்றனர். அம்முழக்கத்தின் கடுமையே ஆட்சியாளருக்குப் பிடியாயிற்று. 1947 ஜூலையில் ஆப்பி தடைசெய்யப்பட்டது.

தமிழர் இவ்வெழுச்சிக்கு அயலார் அல்லர். அதே ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தமிழ் இளைஞர் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்தனர். 1947 அக்டோபர் 20-ஆம் நாள் நடந்த நாடளாவிய கடையடைப்பில், மலாய் தேசியக் கட்சியும் மலாயா இந்தியர் காங்கிரசும் ஓரணியில் நின்றன.

1948-இல் அவசரகாலம் வந்தது. பூஸ்தாமாம் 1955 வரை காவலில் இருந்தார். இடையே, 1951-இல், 'மெர்டேக்கா' அம்னோவின் முழக்கமாயிற்று. தடையுண்டோர் முழங்கிய சொல்லே நாட்டின் திருநாளுக்குப் பெயராயிற்று. அவர்தம் வழியை ஏற்பதும் மறுப்பதும் வேறு. மாணவர்க்கு விடுதலை வரலாறு கற்பிப்போர் அவர்களை விடுத்துக் கற்பித்தல் முறையாகுமா?