டம்டம் குண்டும் தற்காப்பும்

1898-ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியபோது, நெருக்கடி மிகுந்த பேட்டைத் தெருக்களை விட்டு மக்கள் மல்லேசுவரத்தின் அகன்ற வீதிகளை நாடி வந்தனர். இன்று நாம் காற்றோட்டமாகக் குடியிருக்கும் இப்பகுதி வளர்ந்ததற்கு அச்சமே பெருங்காரணம் எனலாம். ஏறத்தாழ அதே வேளையில், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் என்னும் ஊரின் படைக்கலத் தொழிற்சாலையில் வேறோர் அச்சத்திற்கு மருந்து தேடிக்கொண்டிருந்தனர். கொழுப்புத் தடவிய தோட்டாக்களைப் பற்றிய வதந்தி 1857 ஜனவரியில் கிளம்பிய அதே டம்டந்தான் அது.

உடலில் பட்டதும் நொறுங்கிவிடும் குண்டு வீட்டுக் காவலுக்கு ஏற்றதா என்று இக்காலத்தில் பல நாடுகளில் வாதிக்கின்றனர். அடுத்த அறையிலோ அண்டை வீட்டிலோ இருப்பவர்மேல் அது பாயாது என்பதே ஆதரிப்போர் கூறும் காரணம். இவ்வினாவை ஆராயுமுன் டம்டத்தின் கதையை அறிவது நலம்.

பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் ஈயக் குண்டு சுமார் 31 கிராம் எடையுள்ளது. அதற்குப் பின் வந்த 303 துப்பாக்கியின் குண்டோ 14 கிராம்தான், உலோக உறை போர்த்தது, வேகம் மிக்கது. 1895-இல் சித்ரால் படையெடுப்பின்போது ஆங்கிலப் படையினரிடையே ஒரு முறையீடு எழுந்தது. குண்டு உடலை ஊடுருவி மறுபுறம் போய்விடுகிறது. அடிபட்டவனோ நில்லாமல் பாய்ந்து வருகிறான் என்பதே அது. டம்டம் தொழிற்சாலையை நடத்திய காப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் உறையின் முனையை மட்டும் நீக்கி, உள்ளிருந்த ஈயம் சிறிது வெளியே தெரியுமாறு செய்தார். உடலில் பட்டவுடன் முனை விரிந்து காயம் பெரிதாகும். 1897-98-இல் வடமேற்கு எல்லைப்புறத் திராப் போரில் அது பழங்குடியினர்மீது பயன்படுத்தப்பட்டது.

1899-இல் ஹேக் நகரில் கூடிய சமாதான மாநாட்டில் இக்குண்டு பெரும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. ஜெர்மனியில் பேராசிரியர் புரூன்ஸ் நடத்திய சோதனைகளைப் பலர் சான்று காட்டினர். ஆனால், அவர் சுட்டவை ஈயம் மிகுதியாக வெளித்தெரியும் வேட்டைக் குண்டுகள். டம்டம் குண்டுகள் அல்ல. அவ்வளவில் ஆங்கிலேயர் எழுப்பிய மறுப்பு நியாயமானதே. ஆனால், அவர்களுடைய பிரதிநிதி சர் ஜான் ஆர்டாக் முன்வைத்த மற்றொரு வாதத்தை இந்தியராகிய நாம் எளிதில் மறக்க இயலாது. நாகரிக நாட்டுச் சிப்பாய் குண்டுபட்டால் விழுந்துவிடுவான். காட்டுமிராண்டியோ உடல் துளைக்கப்பட்டும் ஓடிவருவான். ஆகவே அவனுக்கு வேறு குண்டு வேண்டும் என்பது அவ்வாதத்தின் சாரம். மனித உடலின் கூறு இனத்துக்கு இனம் மாறும் என்று நம்பினாரோ, வாதத்துக்காகச் சொன்னாரோ! பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்தும், உடலில் எளிதில் விரியும் குண்டுகளை விலக்கும் பிரகடனம் ஜூலை 29-ஆம் நாள் நிறைவேறியது. பிரிட்டன் அதை ஏற்றது 1907-இல்தான்.

அப்பிரகடனம் அதனை ஏற்ற நாடுகளுக்கிடையே நிகழும் போரைப் பற்றியது. வீட்டுக் காவலைப் பற்றியதன்று. எனவேதான் பல நாடுகளின் போலீஸார் இன்றும் விரியும் குண்டுகளைக் கையாளுகின்றனர். நொறுங்கும் குண்டு இவற்றினின்றும் வேறுபட்டது. செம்பு முதலிய உலோகத் தூளை அழுத்திச் செய்வது அது. இரும்புப் பலகையில் பட்டால் பொடியாகும். மென்மையான தசையில் பட்டாலோ பலவேளைகளில் நொறுங்காமல் சாதாரணக் குண்டைப் போலவே உள்ளே செல்லும். சிறு ஈயமணிகளை உறையில் அடைத்துச் செய்யும் மற்றொரு வகை, தோலுக்கடியிலேயே சிதறி ஆழம் செல்லாது நின்றுவிடும். ஒன்று அண்டை வீட்டாரைக் காக்கும் என்பதற்கு உறுதியில்லை. மற்றொன்று தாக்க வந்தவனைத் தடுக்கும் என்பதற்கு உறுதியில்லை. 1986-இல் மியாமி நகரத் துப்பாக்கிச் சண்டையில் குற்றவாளியின் மார்பை நோக்கிச் சென்ற விரியும் குண்டொன்று இதயத்தை எட்டாமல் நின்றுபோனது. அதன் பிறகே அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை, குண்டு சோதனைப் பசையில் குறைந்தது 12 அங்குலம் செல்லவேண்டும் என விதித்தது. ஆகவே நொறுங்கும் குண்டு தற்காப்புக்கு ஏற்றதன்று என்பதே நமது கருத்து.

நம் நாட்டுச் சட்டம் குண்டின் வகையைவிடச் சுட்டவரின் தேவையையே பெரிதும் நோக்குகிறது. தற்காப்புக்கு வேண்டிய அளவினும் மிகுதியான தீங்கு இழைக்க உரிமையில்லை என்று 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 99-ஆம் பிரிவில் கூறிற்று. 2024 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 37-ஆம் பிரிவில் அதையே கூறுகிறது. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அவ்வுரிமையே எழாது என்பதும் அப்பிரிவிலேயே அடங்கும்.

நொறுங்கும் குண்டு தன் பயனை நன்கு காட்டுவது பயிற்சிக் கூடங்களில்தான். இரும்பு இலக்கில் பட்டுத் தெறித்துச் சுட்டவர்மீதே திரும்பும் சில்லுகளை அது வெகுவாகக் குறைக்கிறது. ஈயமின்றிச் செய்தால் மூடிய கூடத்தின் காற்றில் நச்சுத் தூசியும் குறைகிறது.