சித்திரக்கவி

சித்திரக்கவி என்பது எழுத்துகளை ஓர் உருவத்தினுள் அடைத்துப் படிக்குமாறும், ஒரே எழுத்துகளைப் பல திசைகளிலிருந்து படிக்குமாறும் இயற்றப்படும் தமிழ்ச் செய்யுள் வகையாகும். தமிழ் மரபு கூறும் ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்னும் நால்வகைக் கவிகளுள் இது ஒன்று. பாம்பு, தேர், சக்கரம், தாமரை, முரசு போன்ற உருவங்களின் உடலாகவே செய்யுள் அமைவதால், எழுத்தும் ஓவியமும் ஒன்றாகும் கலையாக இது கருதப்படுகின்றது.

இலக்கணம்

12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரம், தன் மூன்றாம் பகுதியாகிய சொல்லணியியலில் சித்திரக்கவியை விளக்குகின்றது. கோமூத்திரி, மாலைமாற்று, எழுத்து வருத்தனம், நாகபந்தம், காதை கரப்பு, கரந்துறைச் செய்யுள், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம், அக்கரச்சுதகம் முதலியன அங்குக் கூறப்படும் வகைகள். இவற்றுள் சில கண்ணுக்குரியவை, சில காதுக்கும் கருத்துக்கும் உரியவை. சித்திரம் என்ற பெயர் இருந்தாலும் எல்லா வகையிலும் படம் இருப்பதில்லை.

மாலைமாற்று முதலிலிருந்து படித்தாலும் கடைசியிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமைவது. விகடகவி என்ற சொல் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. கோமூத்திரி என்ற பெயர், மாடு நடந்துகொண்டே பெய்யும் நீர் தரையில் இடும் வளைகோட்டிலிருந்து வந்தது. இரண்டு அடிகளை மேலும் கீழுமாக எழுதி, எழுத்துகளை மேலொன்று கீழொன்றாக மாற்றிப் படித்தாலும் அதே அடிகள் கிடைக்கும்.

சுழிகுளம் அமையும் முறை

சுழிகுளம் அடிக்கு எட்டு எழுத்தாக நான்கு அடிகள் கொண்டது. 32 கட்டங்களில் எழுத்துகளை நிரப்பிய பின், முதல் நிரலை மேலிருந்து கீழாகவும் எட்டாம் நிரலைக் கீழிருந்து மேலாகவும் படித்தால் முதல் அடி மீண்டும் கிடைக்கின்றது. இரண்டாம் நிரலும் ஏழாம் நிரலும் இரண்டாம் அடியைத் தருகின்றன. இவ்வாறே உள்நோக்கிச் சுழன்று செல்வதால், குளத்து நீர்ச்சுழியின் பெயர் பெற்றது. இதில் புள்ளி பெற்ற மெய்யெழுத்தும் ஒரு கட்டத்தைப் பெறும்.

கட்டங்கள் 32 ஆயினும் புலவர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கக் கூடியவை 20 எழுத்துகளே. எஞ்சிய 12 கட்டங்களும் தாமாகவே நிரம்பிவிடும். சருப்பதோபத்திரத்தில் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. அங்கு 64 கட்டங்களுக்கும் சேர்த்து 10 எழுத்துகளே புலவரின் கையில் உள்ளன. அவற்றைக் கொண்டு பொருளும் யாப்பும் பிழையாமல் ஒரு செய்யுள் அமைப்பது எளிதன்று. இவ்வகைச் செய்யுள்கள் பலவற்றுக்கு உரையின்றிப் பொருள் காண முடியாமைக்கு இதுவே காரணம்.

நாகபந்தமும் தேரும்

நாகபந்தத்தில் பின்னிக் கிடக்கும் பாம்புகளின் உடல் வழியே செய்யுள் செல்லும். உடல்கள் ஒன்றையொன்று வெட்டும் சந்திகளில் உள்ள எழுத்து இரு வழிகளுக்கும் பொதுவாகும். மதுரைப் பகுதி வீட்டு வாசல்களில் இடப்படும் சிக்குக் கோலத்தில் கோடு புள்ளிகளைச் சுற்றிப் பின்னி வருவதை அறிந்தவர்களுக்கு இவ்வடிவம் புதிதாகத் தோன்றாது.

திருஞானசம்பந்தர் சீர்காழியைப் பாடிய திருவெழுகூற்றிருக்கை (முதல் திருமுறை, 128ஆம் பதிகம்) எண்ணுப் பெயர்களால் அமைந்தது. ஒன்று, பின் ஒன்று இரண்டு ஒன்று, பின் ஒன்று இரண்டு மூன்று இரண்டு ஒன்று என ஏழு வரை ஏறி இறங்கும். இவ்வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும்போது தேரின் வடிவம் கிடைப்பதால் இதனை இரதபந்தமாக வரைவர். திருமங்கையாழ்வாரும் அருணகிரிநாதரும் இவ்வகையில் பாடியுள்ளனர். பாம்பன் சுவாமிகள் (மறைவு 1929) மயூர பந்தம், சதுரங்க பந்தம் முதலியவற்றை இயற்றினார்.

மதுரையும் சித்திரக்கவியும்

சித்திரக்கவியைத் தற்காலத்தில் தனி நூலாக விளக்கியவர்களுள் முதன்மையானவர் பரிதிமாற் கலைஞர் (1870-1903). இவரது இயற்பெயர் வி. கோ. சூரியநாராயண சாத்திரியார். மண்பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற, மதுரையை அடுத்த விளாச்சேரியில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். தமிழில் புதிய நாடகங்களையும் ஆங்கில முறையிலான பதினான்கடிப் பாடல்களையும் எழுதிய அவரே, பழமையான இம்மரபுக்குச் சித்திரக்கவி விளக்கம் என்ற நூலை எழுதியது குறிப்பிடத்தக்கது.

திருக்குருகைப் பெருமாள் கவிராயர் இயற்றிய மாறனலங்காரம், தண்டியலங்காரம் கூறாத வகைகளையும் சேர்த்துக் கூறுகின்றது. பாண்டித்துரைத் தேவரால் 1901இல் நிறுவப்பட்ட மதுரைத் தமிழ்ச் சங்கம் அந்நூலைப் பதிப்பித்தது.

மதிப்பீடு

சித்திரக்கவியை வெறும் சொல் விளையாட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. பிற்காலச் செய்யுள்கள் பலவற்றுக்கு அக்குற்றச்சாட்டு பொருந்தும். ஆனால் சம்பந்தரின் திருவெழுகூற்றிருக்கையைப் படம் எதுவும் இன்றியே ஓதலாம். எண் என்னும் கட்டு இருப்பது தெரியாதவரும் அதன் பொருளை உணர முடியும். எனவே குறை அவ்வகையினுடையதன்று, கையாண்டவர்களுடையது எனலாம்.

எழுத்தை உருவமாக்குவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேரின் கலிக்ராம் தொகுப்பு 1918இல் வெளிவந்தது. மீமெய்யியல் ஓவியர் மக்ரித் 1929இல் புகைக்குழாயின் படத்தின்கீழ் அதனை மறுக்கும் சொற்றொடரை எழுதினார். கோயம்புத்தூரில் பிறந்த ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த சொற்களும் குறியீடுகளும் என்னும் வரிசையில், படிக்க இயலாத எழுத்துகளும் கணிதக் குறிகளும் சாதகக் கட்டங்களும் உருவங்களுடன் கலந்துள்ளன.

கணினியில்

மதுரையில் பிறந்த ஓவியர் ட்ராட்ஸ்கி மருது போன்றோர் கணினியை ஓவியக் கருவியாகத் தமிழ்ச் சூழலில் கையாண்டுள்ளனர். தமிழ் எழுத்துகளை நிரப்பித் திருவள்ளுவர், பாரதியார் முகங்களை உருவாக்கும் எண்மிய ஓவியங்களும் பரவலாக உள்ளன. ஆயினும் இவை சித்திரக்கவி ஆகா. அங்கு எழுத்துகள் எந்த வரிசையிலும் நிற்கலாம், சித்திரக்கவியில் ஓரெழுத்து இடம் மாறினாலும் செய்யுள் உடையும்.

ஒருங்குறியில் இதற்கே ஒரு சிக்கல் உள்ளது. தேரு வருதே என்ற மாலைமாற்றில் எழுத்துகள் ஐந்து. ஆனால் உயிர்மெய்யின் உயிர்க்குறி தனிக் குறியீடாகச் சேமிக்கப்படுவதால் கணினிக்கு அவை ஒன்பது. குறியீடு குறியீடாகத் திருப்பினால், தனித்து நிற்கும் ஓர் ஏகாரக் குறியும் அதன்பின் துரவுரேத என்னும் பொருளற்ற சரமும் கிடைக்கும். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு தரும் டேஸ்16 முறையில் இச்சிக்கல் இல்லை. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியுடன் இதனையும் ஏற்றது. ஒருங்குறியிலேயே எழுத்துகளைப் பிரித்தறிய ஓப்பன் தமிழ் போன்ற நிரல் தொகுதிகள் பயன்படுகின்றன.

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படாததால், ஏடு பெயர்ப்போர்க்கும் கட்டங்களைச் சரிபார்ப்பது எளிதாக இருக்கவில்லை. இணையத்தில் செய்யுளின் வரிகள் மட்டும் ஏற்றப்பட்டுப் பந்தத்தின் படம் விடுபடும்போது, எந்த எழுத்து எந்தச் சந்தியில் நிற்கின்றது என்பது தெரியாமல் போகின்றது. சுழிகுளம் போன்ற கட்ட வகைகளை அட்டவணையாக இடலாம். நாகபந்தத்துக்கு வரைபடமே வேண்டும்.

பகுப்பு: தமிழ் இலக்கணம்
பகுப்பு: தமிழ்ச் செய்யுள் வகைகள்