தனி அடுப்பு

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் என் அத்தை கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். வயது 78. மணிக்கட்டு பிசகியதைத் தவிரப் பெரிய அபாயம் ஒன்றும் நேரவில்லை. ஆனாலும் மாயவரத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்தக் கிராமத்து வீட்டில் மறுவாரமே குடும்பம் முழுவதும் கூடிவிட்டது.

கூடத்தில் மூன்று கட்சிகள் உருவாயின. "அம்மா என்னோடு சென்னைக்கு வந்துவிடட்டும்" என்றார் பெரிய அத்தான். "நாள் முழுவதும் பூட்டிய வீட்டில் அவள் என்ன செய்வாள்? நல்ல முதியோர் இல்லமாகப் பார்க்கலாம்" என்றார் சின்ன அத்தான். சித்தப்பாவுக்கு வந்ததே கோபம்! "அக்காவை இல்லத்தில் விடுவதா? அதெல்லாம் வெள்ளைக்காரன் வழக்கம். ஊர் என்ன சொல்லும்?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். எந்த முடிவும் ஏற்படாமலே அன்றைய சபை கலைந்தது.

எனக்கு ஒரு கெட்ட வழக்கம். வாழ்க்கையில் ஒரு விஷயம் புரியாவிட்டால், சரித்திரப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்துவிடுவேன். சித்தப்பா சொன்ன அந்த வெள்ளைக்காரன் வழக்கந்தான் என்ன என்று பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் என் கண்ணில் பட்டவர்கள் ஆஸ்திரியா, பவேரியா, பொஹீமியா முதலிய பிரதேசங்களின் குடியானவர்கள். பல நூற்றாண்டுகளாக அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வயதான தகப்பன், மகனுக்குக் கலியாணம் ஆகும் தறுவாயில் நிலத்தையும் வீட்டையும் அவன் பேருக்கு மாற்றிக் கொடுப்பான். ஆனால் வெறுங்கையோடு விலகிவிட மாட்டான். முதலில் ஓர் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்வான். கிழவனுக்கும் கிழவிக்கும் இன்ன அறை. வருஷத்துக்கு இவ்வளவு தானியம், இவ்வளவு விறகு, இவ்வளவு பால், இத்தனை முட்டை. தோட்டத்தில் ஒரு பாத்தி, சில சமயம் குறிப்பிட்ட ஒரு மரத்தின் பழம்! இப்படிப் போகும் அந்தப் பட்டியல். ஒரே மேஜையில் சாப்பிட்டு ஒத்துப்போக முடியாவிட்டால் தனியாகச் சமைத்துக்கொள்ள என்ன கொடுக்க வேண்டும் என்பதுகூட அதில் இருக்கும்.

படித்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. பெற்ற மகனிடம் முட்டைக்குக் கணக்கா? யோசிக்க யோசிக்கச் சிரிப்பு அடங்கிவிட்டது. மருமகள் முகம் சுளித்தாலும் அந்தக் கிழவி அன்றைய பாலைத் தலைநிமிர்ந்து வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? அது தயவு அல்ல, அவளுடைய பாத்தியதை.

இப்படி எழுதி வாங்காதவனுடைய கதி என்ன என்பதை ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் காட்டுகிறான். ராஜ்யத்தை இரண்டு பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, நூறு வீரர்களோடு மாதம் ஒரு பெண் வீட்டில் இருப்பதாக வாய்ப்பேச்சில் ஏற்பாடு செய்துகொள்கிறான். நூறு ஐம்பதாகிறது, ஐம்பது இருபத்தைந்தாகிறது, பிறகு ஒருவன்தான் எதற்கு என்ற கேள்வி எழுகிறது. கிழவன் புயலில் வெளியே நிற்கிறான். அந்த நாடகத்தைப் பார்த்தவர்களில் எத்தனை தகப்பன்மார்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்!

அதே இங்கிலாந்தில் 1601-ஆம் ஆண்டு எலிசபெத் ராணி காலத்து ஏழைகள் சட்டம் வந்தது. வசதியுள்ள பிள்ளைகள் ஏழைப் பெற்றோரைக் காப்பாற்றியே தீரவேண்டும் என்றது அந்தச் சட்டம். ஆகவே, அப்பன் ஆத்தாளைக் காப்பாற்றும் கடமை நமக்கு மட்டும் தெரிந்த தர்மம் என்று சித்தப்பா மார்தட்டிக்கொள்ள இடமில்லை.

ஆனால் 1834-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இனிமேல் உதவி வேண்டுமென்றால் 'வொர்க்ஹவுஸ்' என்ற தொழில் விடுதிக்குள் வரவேண்டும் என்பது பொது விதியாயிற்று. உதவி கேட்டு வருகிறவர்கள் பெருகிவிடக் கூடாது என்பதற்காகவே உள்ளே வாழ்க்கையைக் கடுமையாக வைத்தார்கள். சீருடை கொடுத்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். காலமெல்லாம் சேர்ந்து வாழ்ந்த கிழத் தம்பதியையும் பிரித்துத்தான் வைத்தார்கள். அறுபது வயதைக் கடந்த தம்பதிகளைப் பிரிக்கக் கூடாது என்று சொல்ல 1847-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அதன் பிறகும் பல விடுதிகளில் அவர்களுக்கென்று தனி அறை இல்லை. அங்கே கஞ்சி கிடைத்தது, கூரையும் இருந்தது. பாத்தியதை மட்டும் வாசலோடு நின்றுவிட்டது.

பிறகு 1908-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 1909 ஜனவரி முதல் தேதியிலிருந்து, எழுபது வயதைக் கடந்த ஏழைகளுக்கு வாரத்துக்கு 5 ஷில்லிங் வரை தபாலாபீசில் கொடுத்தார்கள். அது சொற்பத் தொகைதான். ஆனால் மகன் வீட்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்த பாட்டி, வாரா வாரம் சொந்தப் பணத்தோடு வீடு திரும்பினால் அந்த மூலைக்கு எவ்வளவு மதிப்பு வந்துவிடும்! மாதக் கடைசியில் பாட்டியிடம் கைமாற்றுக் கேட்கும் நம் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பீட்டர் டவுன்சென்ட் என்ற ஆராய்ச்சியாளர் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 முதியோர் விடுதிகளை நேரில் பார்த்து, 1962-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அவற்றில் பல, பழைய தொழில் விடுதிக் கட்டடங்களிலேயே நடந்துவந்தன. அங்கிருந்தவர்கள் வேலையையும், தனிமையையும், சொந்தச் சாமான்களையும், உறவையும் இழந்து நின்றதை அவர் எழுதினார். டென்மார்க்கில் 1987-ஆம் ஆண்டுச் சட்டம், பழைய மாதிரி விடுதிகள் கட்டுவதையே நிறுத்தி, முதியோருக்கான தனி வீடுகள் கட்டச் சொல்லிற்று. துணை தேவைதான், ஆனால் கதவைத் திறப்பதும் சாத்துவதும் அவர்கள் கையில் இருக்கட்டும் என்று அந்த நாடு தீர்மானித்தது.

நம் நாட்டிலும் 2007-இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்திருக்கிறது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு பெரியவர்கள் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம் என்கிறது அதன் 23-ஆவது பிரிவு. ஆஸ்திரியக் குடியானவனின் முட்டைக் கணக்கு, சுற்றி வளைத்து நம் ஊருக்கும் வந்துவிட்டது பார்த்தீர்களா?

இவ்வளவையும் படித்த பிறகு, எங்கள் குடும்ப சபையில் எங்கே கோளாறு என்பது எனக்கு விளங்கிற்று. மகன் வீடா, இல்லமா, சொந்த ஊரா என்று மணிக்கணக்கில் வாதாடினோம். அத்தை சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். "அத்தை, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதைக் கேக்க உனக்குப் பத்து நாள் ஆச்சா?" என்றாள். பிறகு, "காகிதம் எடு, எழுது" என்றாள்.

எழுதினேன். கை கால் ஓடுகிற மட்டும் இந்த வீடுதான். ராத்திரித் துணைக்கு எதிர்வீட்டுப் பெண் வந்து படுக்கட்டும். அவளுக்குச் சம்பளத்தை அத்தையே கொடுப்பாள். கிணற்றடிக்குச் சிமெண்டுத் தளமும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட வேண்டும். பாங்குப் புத்தகம் அவளிடமே இருக்கும். அடுப்பில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது.

"எழுந்திருக்க முடியாமப் போனா?" என்று தயங்கிக் கேட்டேன்.

"அப்போ அந்த இல்லந்தான். ரெண்டு பொம்பளைங்க முறை வெச்சுப் புரட்டிப் போட்டாத்தான் முதுகு புண்ணாகாது. என் மருமக வேலைக்குப் போறவ, அவ ஒருத்தியாலே ஆகுமா? ஆனா இப்பவே என்னைக் கூட்டிப் போய் அந்த இடத்தைக் காட்டணும். தெரியாத இடத்துக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாது."

"ஊர் ஏதாவது சொல்லுமேன்னு சித்தப்பா..."

"ஊரா எனக்கு முதுகு துடைச்சு விடப் போவுது?"

அந்தக் காகிதத்தில் அத்தை கையெழுத்துப் போட்டாள். இரண்டு அத்தான்களும் போட்டார்கள். சித்தப்பா மட்டும் ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, கிணற்றடிக்குச் சிமெண்டு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். தை மாதத்தில் அத்தையை அழைத்துப் போய் இல்லத்தையும் காட்டினோம். சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கே ரசத்தில் புளி அதிகம் என்று சொன்னாள்.

காகிதம் இப்போது அத்தையின் அரிசிப் பானைக்கு மேலே உள்ள மாடத்தில் இருக்கிறது. அதைப் பதிவு செய்யவில்லை. அதற்கு அவசியமும் நேராது என்று நம்புகிறேன். ஆயினும் நான் போகும்போதெல்லாம், அது அங்கே இருக்கிறதா என்று அத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்கிறாள்.