எஃகுக்கு ஒரு கவசம்

தாம்பரத்திற்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் 1931-ஆம் ஆண்டிலிருந்து ஓடி வருகிறது. அதில் செல்லும்போதெல்லாம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கங்களில் எழும் எஃகுச் சட்டக் கட்டடங்களை நான் கவனிப்பதுண்டு. ஒரு நாள் உடன் வந்த மாணவர், "இரும்பைத் தீ என்ன செய்துவிடும், ஐயா?" என்று கேட்டார். அக்கேள்விக்குச் சரித்திரம் தரும் விடையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எஃகு எரிவதில்லை, உருகுவதற்கும் சுமார் 1500 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். ஆனால், 600 டிகிரியிலேயே அது தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்து, பாரம் தாங்காமல் வளையத் தொடங்குகிறது. சரக்கு நிறைந்த கடையொன்று பற்றியெரிந்தால் அவ்வளவு வெப்பம் விரைவிலேயே உண்டாகிவிடும்.

1871-இல் சிகாகோ நகரம் எரிந்தபோது, இரும்புத் தூண்களை நம்பி எழுப்பிய மாளிகைகளும் வீழ்ந்தன. அதன்பின், பொறியியலார் இரும்பைச் சுட்ட களிமண் ஓடுகளால் போர்த்தினர். பிறகு கான்கிரீட் அவ்வேலையை ஏற்றது.

நம் நகரமும் இப்பாடத்தைக் கற்றது. 1959-இல் திறக்கப்பட்ட அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தில் 1975-இல் பெருந்தீ மூண்டது. ஆயினும் அதன் கான்கிரீட் சட்டம் நிலைத்து நின்றது. செப்பனிடப்பட்டு இன்றும் பயன்படுகிறது. ஆனால் 2017 மே 31-இல், மாம்பலம் ரயில் நிலையத்திற்கு அருகே, உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் துணிக்கடை தீப்பற்றியது. துணிக் குவியல்கள் பகலும் இரவும் எரிந்தன. மறுநாள் விடியுமுன் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. கான்கிரீட்டுக்குள் பொதிந்த கம்பிகளுக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு.

இக்காலத்தில் எஃகுத் தூண்களுக்குத் தீக்காப்புப் பூச்சு இடுகிறார்கள். பார்வைக்குச் சாதாரண வர்ணமே; கனம் பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டர்தான். சுமார் 200 டிகிரியைத் தாண்டியதும், எண்ணெயிலிட்ட அப்பளம்போல் பொங்கிப் பன்மடங்கு தடித்து, கரிநுரையாகித் தூணைப் போர்த்துகிறது. அந்நுரை வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது.

எந்தக் கவசமும் கட்டடத்தை அழியாததாக்குவதில்லை. அது தருவது ஒரு மணி, இரண்டு மணி என்று அளவிட்ட அவகாசமே. மேல்மாடியில் இருப்பவர் படியிறங்குவதற்கும், தீயணைப்பு வீரர் உள்ளே நுழைவதற்கும் அந்த அவகாசம் போதும். நாளை பொறியியலாராகப் போகும் இளைஞர்களே, கண்ணுக்குத் தெரியாத அப்பூச்சில் சிக்கனம் பிடிப்பது பிறர் உயிரில் சிக்கனம் பிடிப்பதாகும் என்பதை மறவாதீர்கள்.